கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை: ஆட்டிசத்தை அறிந்துகொள்ளவும் உடன்நிற்கவும் ஒரு வழிகாட்டி

காங்கேயத்துக்குத் தெற்கே ஒரு தோட்டத்துச் சாளையில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. குழாயிலிருந்து தொட்டியில் விழும் தண்ணீரையே பார்த்தபடி, விரல்களை முகத்துக்கு நேரே ஆட்டிக்கொண்டு மூன்று வயதுப் பையன் ஒருவன் நிற்கிறான். திண்ணையிலிருந்து அவனுடைய ஆத்தா, "சாமீ, இங்க வாங்க" என்று மூன்று முறை கூப்பிடுகிறார், பையன் திரும்பவில்லை. அவர் நான்காவது முறை கூப்பிடாமல் உள்ளே போய் பிஸ்கட் பொட்டலத்தின் காகிதத்தைக் கசக்குகிறார். மோட்டார் சத்தத்தையும் மீறி அது கேட்டுப் பையன் ஓடி வந்துவிடுகிறான். "காது நல்லாத்தானுங்க கேக்குது, அப்புறம் ஏனுங்க திரும்ப மாட்டேங்கறான்?" என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியராக இந்தப் பக்கத்து ஊர்களுக்குப் போய்வரும் எனக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. இதைக் கேட்கும் குடும்பங்களுக்காகவும், வகுப்பில் இப்படியொரு பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கும் ஆசிரியர்களுக்காகவும், முப்பது நாற்பது வயதுக்குப் பிறகு "எனக்கும் இதுதானோ" என்று எண்ணத் தொடங்கியிருக்கும் பெரியவர்களுக்காகவும் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் முன்னதாக ஒரு வேலை இருக்கிறது. மருத்துவர் ஒரு பெயரைச் சொல்லும்வரை காத்திருக்காமல், இன்றே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, பிள்ளையிடம் பார்ப்பதைத் தேதி போட்டு எழுதத் தொடங்குங்கள். "சரியாகப் பேசுவதில்லை" என்று எழுதினால் யாருக்கும் எதுவும் விளங்காது. "தண்ணீர் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்துக் கொண்டுபோய்க் குடத்தின் மேல் வைக்கிறான், முகத்தைப் பார்ப்பதில்லை" என்று எழுதினால், அதைப் படிக்கும் மருத்துவருக்குப் பாதி விளங்கிவிடும்.

பெயரும் பொருளும்

1943ஆம் ஆண்டு லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து ஆட்டிசம் என்ற பெயர் மருத்துவத்தில் நிலைபெற்றது. அதன்பின் பல உட்பிரிவுகளாக இருந்தவற்றை 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு ஒரே தொகுப்பாக்கியது. அதனால்தான் இன்று 'ஸ்பெக்ட்ரம்' என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்கிறார்கள். ஒரு சொல்கூடப் பேசாமல், உடை மாற்றவும் துணை வேண்டியிருக்கும் இளைஞரும், பொறியியல் படித்து வேலைக்குப் போய்க்கொண்டு ஆனால் ஒரு விருந்துக்குப் போய்வந்தால் இரண்டு நாள் அறையைவிட்டு வெளியே வர முடியாமல் கிடப்பவரும் இந்த ஒரே தொகுப்புக்குள் வருகிறார்கள்.

தமிழில் 'மதியிறுக்கம்' என்றும், அரசு ஆவணங்களில் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்றும் எழுதுகிறார்கள். இரண்டாவது சொல் என்னை எப்போதும் வருத்துகிறது. மின்விசிறியின் மெல்லிய இரைச்சல், புதுச் சட்டையின் கழுத்துப் பட்டை, பக்கத்துச் சமையலறையில் தாளிக்கும் கடுகின் நெடி என்று நமக்கு உறைக்காத அத்தனையும் உறைக்கும் பிள்ளையைப் புற உலகச் சிந்தனை இல்லாதவர் என்று சொல்வது பொருந்தாது. விண்ணப்பப் படிவத்தில் அந்தச் சொல் வந்தால் அடையாளம் தெரிந்துகொள்வதற்காக மட்டும் அதை நினைவில் வையுங்கள்.

மூளை வளரும் விதத்தில் பிறப்புக்கு முன்பே ஏற்படும் வேறுபாடு இது. மரபணுக்களின் பங்கு பெரியது. இரு பக்கங்களில் அதன் அடையாளங்கள் தெரியும். ஒன்று, பிறரோடு கொடுத்து வாங்கும் தொடர்பில். இன்னொன்று, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது, மாற்றத்தைத் தாங்க முடியாதது, ஒரே பொருளில் ஆழ்ந்த ஈடுபாடு, புலன்களின் கூர்மை அல்லது மந்தம் ஆகியவற்றில். இரண்டு பக்கமும் இருந்தால்தான் ஆட்டிசம் என்று சொல்வார்கள். பேச்சு மட்டும் தாமதமாக இருப்பதோ, பொம்மைக் காரின் சக்கரத்தைச் சுற்றுவது மட்டுமோ போதாது.

குழந்தையிடம் எதைப் பார்ப்பது

ஒன்பது மாதத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும். ஒரு வயதில் டாட்டா காட்டுவது, கையை நீட்டித் தூக்கச் சொல்வது போன்ற சைகைகள் வர வேண்டும். ஒன்றே கால் வயதை ஒட்டிச் சில சொற்களாவது வர வேண்டும். இரண்டு வயதில் "பால் வேணும்", "அப்பா வா" என்று இரண்டு சொற்களைத் தானாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒன்றரை வயதை ஒட்டி, வந்துகொண்டிருந்த சொற்கள் நின்றுபோனால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

இவற்றுள் நான் முதலில் கவனிப்பது பிள்ளையின் ஆள்காட்டி விரலை. கேட்பதற்காக நீளும் விரல் ஒன்று உண்டு: அலமாரியின் மேல் இருக்கும் பொட்டுக்கடலை டப்பாவைக் காட்டி "அது வேணும்" என்பது. காட்டுவதற்காக நீளும் விரல் இன்னொன்று: சோளக்காட்டில் மயில் இறங்கினால், விரலை நீட்டிவிட்டு உடனே உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்த்து, "நீயும் பார்த்தாயா" என்று கண்ணால் கேட்பது. மயிலால் அந்தப் பிள்ளைக்கு ஒரு பயனும் இல்லை. தான் கண்டதை இன்னொருவரோடு பங்குபோட மட்டுமே அந்த விரல் நீள்கிறது. ஒன்றரை வயதைத் தாண்டியும் இந்த இரண்டாவது விரல் நீளாமல் இருந்தால், சொற்கள் எத்தனை இருந்தாலும் அதை நோட்டில் எழுதி அடிக்கோடு போடுங்கள்.

பேசும் பிள்ளைகளிடம் பேச்சின் வகையைக் கவனிக்க வேண்டும். நம் பக்கத்தில் பிள்ளைகளையே "வாங்க, சாப்பிடுங்க, சாமி" என்று மரியாதையாகத்தான் கூப்பிடுகிறோம். ஆட்டிசம் உள்ள பிள்ளை கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும் கட்டத்தில் இருந்தால், பசிக்கும்போது அம்மாவிடம் வந்து, "சாமி சாப்பிடறீங்களா?" என்று அம்மாவின் குரல் ஏற்ற இறக்கத்திலேயே கேட்பான். பார்ப்பவர்கள், அம்மா சாப்பிட்டாயிற்றா என்று விசாரிக்கும் அக்கறையான பிள்ளை என்று மகிழ்ந்துபோவார்கள். அவன் சொல்வது "எனக்குப் பசிக்கிறது" என்பதைத்தான். சோறு வரும்போதெல்லாம் அந்தச் சொற்றொடர் கேட்டதால், அது சோற்றின் பெயராக அவன் மனத்தில் பதிந்திருக்கிறது. இதைக் கிளிப்பேச்சு என்று ஒதுக்கிவிடாதீர்கள். "சாப்பிடணும்" என்று அவன் சொல்ல வேண்டியதை அவன் இடத்திலிருந்து நீங்கள் ஒருமுறை சொல்லிக்காட்டி, உடனே தட்டை வையுங்கள். இது மெல்ல மாறும்.

விளையாட்டில், செருப்புகளையோ நூல் கண்டுகளையோ வரிசையாக அடுக்கிக்கொண்டே இருப்பது, யாராவது ஒன்றை நகர்த்தினால் அலறுவது ஆகியவற்றைப் பார்க்கலாம். சோமனூர், பல்லடம் பக்கத்தில் விசைத்தறிக்கு நடுவிலேயே வளரும் பிள்ளைகள் உண்டு. சிலர் தறிச் சத்தத்தில் நிம்மதியாக உறங்கிவிட்டு, குக்கர் விசிலுக்குக் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். ஒரே சத்தமாகத் தொடர்வதை ஏற்கவும், திடீரென்று வருவதைத் தாங்க முடியாமல் போகவும் இவர்களுக்கு இயல்பு. தயிர்ச் சோற்றைத் தவிர வேறொன்றையும் தொடாமல் இருப்பது, நுனிக்காலில் நடப்பது, தூக்கம் குறைவாக இருப்பது ஆகியவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பெண் குழந்தைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மூன்று நான்கு ஆண்களுக்கு ஒரு பெண் என்ற கணக்கில்தான் இது கண்டறியப்படுகிறது. அந்தக் கணக்கில் ஒரு பகுதி நம் கண்ணின் குறை. வகுப்பில் சத்தமில்லாமல் இருக்கும், தோழி செய்வதைப் பார்த்து அப்படியே செய்யும், வீட்டுக்கு வந்ததும் காரணமில்லாமல் அழுது தீர்க்கும் பெண்ணை "அடக்கமான அம்மணி" என்று பாராட்டிவிட்டுப் போய்விடுகிறோம்.

"பொறுத்துப் பார்க்கலாம்" என்ற அறிவுரை

"ஆம்பளப் பசங்க பேச்சு லேட்டாத்தான் வரும்", "இவங்கப்பனும் நாலு வயசுலதான் பேசினான்" என்று பெரியவர்கள் சொல்வது ஆறுதலுக்காகத்தான். ஆனால் ஒன்றரை வயதிலிருந்து நான்கு வயது வரையிலான காலம் மூளை வேகமாகக் கற்றுக்கொள்ளும் காலம். அதை ஆறுதலில் செலவழிக்கக் கூடாது. குலதெய்வத்துக்கு முடி இறக்குவதும், கிடா வெட்டுவதும் குடும்பத்தின் மனத்துக்கு வலு தருமானால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் மருத்துவரைப் பார்க்கும் நாளை அதற்காகத் தள்ளி வைக்காதீர்கள். நாக்கில் வசம்பு தேய்ப்பதால் பேச்சு வராது.

தாயின் மேல் பழி போடுவதை இந்தக் கணமே நிறுத்த வேண்டும். பனியன் கம்பெனி வேலைக்குப் போனதால் வந்தது, கர்ப்பத்தில் கவலைப்பட்டதால் வந்தது, கொஞ்சாததால் வந்தது என்று சொல்லப்படும் எதுவும் உண்மையில்லை. கைப்பேசி பார்த்ததால் ஆட்டிசம் வருவதும் இல்லை. அளவுக்கு மீறிய திரை, பேசிப் பழகும் நேரத்தைத் தின்றுவிடும் என்பதால் அதைக் குறைக்கத்தான் வேண்டும். குறைத்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்த்துப் பரிசோதனையைத் தவிர்ப்பது தவறு. தடுப்பூசியைப் பற்றிய அச்சம் 1998இல் லான்செட் இதழில் 12 குழந்தைகளை வைத்து வெளிவந்த ஒரு கட்டுரையிலிருந்து பரவியது; அந்தக் கட்டுரையை அந்த இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. அடுத்த பிள்ளைக்கு ஊசி போடாமல் விட்ட குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு அம்மை வந்ததுதான் மிச்சம்.

யாரிடம் போவது

முதலில் காது. பிஸ்கட் காகிதம் கேட்கிறது என்பதால் காதுப் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது. சில ஒலிகள் மட்டும் கேட்காத குறையும் உண்டு. அதன்பின் குழந்தைகள் நல மருத்துவரிடம் நோட்டோடு போங்கள். 16 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு, பெற்றோரிடம் 20 கேள்விகள் கேட்டுச் சந்தேகத்தை வடிகட்டும் எம்-சாட் என்ற முறை இருக்கிறது. அது முதல் சல்லடைதான். முடிவைக் குழந்தையை நேரில் நெடுநேரம் பார்த்தே சொல்ல வேண்டும். ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்றாலும், "ஆட்டிசம்தான்" என்றாலும் இன்னொருவரிடம் கேளுங்கள்.

அரசு வழியில் செலவில்லாமல் பார்ப்பதற்கு, 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் பிறப்பிலிருந்து 18 வயது வரை உள்ளவர்களுக்காக மாவட்ட அளவில் இடையீட்டு மையங்கள் இயங்குகின்றன. உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டால் வழி சொல்வார்கள். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவிடமும் சொல்லலாம். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் எங்களைப் போன்ற சிறப்பாசிரியர்களும் இயன்முறைப் பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள். பள்ளிக்கு வர இயலாத பிள்ளைகளுக்கு வீட்டுக்கே போய்ப் பயிற்சி தருவதும் எங்கள் வேலை. பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலய வளாகத்தில் சிறப்புக் கல்விக்கென்றே ஒரு புலம் இருக்கிறது; ஆசிரியர்களும் பெற்றோரும் இந்தத் துறையில் முறையாகப் படிக்க விரும்பினால் நம் பக்கத்திலேயே வழி உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

தனியார் பயிற்சி மையத்தில் சேர்க்கும் முன், பயிற்சி தருபவருக்கு இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ளும் இடத்தில் சேர்க்காதீர்கள். பெற்றோரை வெளியே உட்கார வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லாத இடமும் வேண்டாம். வாரத்தில் மூன்று மணி நேரம் அவர்களோடு இருக்கும் பிள்ளை மீதி நேரம் முழுவதும் உங்களோடு இருக்கிறான், கற்றுக்கொள்ள வேண்டியவர் நீங்களும்தான். 'முழுமையாகக் குணமாக்குகிறோம்' என்பவர்களிடம் மிகுந்த எச்சரிக்கை தேவை. ஆட்டிசத்தைப் போக்கும் மருந்து எதுவும் இல்லை. கடும் எரிச்சல், தூக்கமின்மை, வலிப்பு போன்று கூடவே வருபவற்றுக்குத்தான் மருந்துகள் உண்டு. ஸ்டெம் செல் சிகிச்சையை ஆட்டிசத்துக்குப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதற்காகக் காட்டை விற்ற குடும்பங்களும் உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

வீட்டில் செய்ய வேண்டியவை

பேச்சிலிருந்து தொடங்குவோம். பிள்ளைக்கு நேரே, அவன் உயரத்துக்கு உட்கார்ந்து, அவன் பார்த்துக்கொண்டிருப்பதைப் பற்றியே ஒன்றிரண்டு சொல்லில் பேசுங்கள். தண்ணீர் விழுவதை அவன் பார்த்தால், "தண்ணி. தண்ணி விழுது" என்று மட்டும் சொல்லிவிட்டு, மனத்துக்குள் பத்து எண்ணும்வரை காத்திருங்கள். இந்தப் பத்து எண்ணுவதுதான் எல்லோருக்கும் கடினமாக இருக்கிறது. நான்கு எண்ணுவதற்குள் அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுகிறோம். கேட்டதை உள்வாங்கிப் பதில் எடுக்க அவனுக்குக் கூடுதல் நேரம் வேண்டும்.

நம் பக்கத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, தெருவில் தமிழ் பேசி, பள்ளியில் ஆங்கிலம் படிக்கும் குடும்பங்கள் நிறைய. "குழம்பிவிடுவான், வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்று சொல்லப்பட்டு, தமக்கே சரளமில்லாத மொழி என்பதால் அம்மா பிள்ளையோடு பேசுவதையே நிறுத்திக்கொண்டதுபோல ஆகிவிட்ட வீடுகளுக்குப் போயிருக்கிறேன். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பேச்சு தாமதமாவதாக ஆய்வுகள் காட்டவில்லை. உங்களுக்குத் தாலாட்டவும் கண்டிக்கவும் எந்த மொழி வருகிறதோ அதிலேயே பேசுங்கள். சொல் வராத பிள்ளைக்குப் படங்களைக் கொடுங்கள்: தட்டு, தண்ணீர், கழிப்பறை, வெளியே போவது என்று உங்கள் வீட்டுப் பொருள்களையே கைப்பேசியில் படம் எடுத்து அச்சிட்டு, அட்டையில் ஒட்டிச் சுவரில் மாட்டலாம். சென்னையில் உருவான ஆவாஸ் போன்ற, படத்தைத் தொட்டால் தமிழில் பேசும் செயலிகளும் உள்ளன. படம் கொடுத்தால் பேச்சு வராமல் போய்விடும் என்ற பயம் வேண்டாம்; கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்த பிள்ளைதான் கேட்பதற்கு வாயையும் திறக்கிறான்.

நாளின் ஒழுங்கை முன்கூட்டியே காட்டுங்கள். எழுவது, பல் விளக்குவது, இட்லி, பள்ளி வேன் என்று வரிசையாகப் படங்கள் இருந்தால், அடுத்தது என்ன என்ற பதற்றம் குறையும். வழக்கமாகப் போகும் பாதையில் சாலை வேலை நடந்தால், அந்த இடத்துக்குப் போய்த் திரும்புவதற்கு முன்னால், வீட்டிலேயே சொல்லிவிட வேண்டும்.

பிள்ளை தரையில் விழுந்து புரண்டு, தலையை மோதிக்கொண்டு அலறும் நேரம் எல்லாக் குடும்பத்துக்கும் வருகிறது. செல்லம் கொடுத்துக் கெட்டுப்போன அடம் என்று அதை நினைத்தால் அடி விழும். தாங்க முடியாத நிலை என்று நினைத்தால் வழி தெரியும். அந்த நேரத்தில் பேச்சைக் குறைத்து, கூட்டத்தை விலக்கி, வெளிச்சத்தையும் சத்தத்தையும் தணித்து, தலைக்கு அடியில் மெத்தென்று எதையாவது வைத்துவிட்டு, பக்கத்தில் இருங்கள். முடிந்தபின் நோட்டை எடுத்து, அதற்கு முன் அரை மணி நேரத்தில் என்னென்ன நடந்தது என்று எழுதுங்கள். இப்படி எழுதிய ஒரு அம்மா மூன்று வாரம் கழித்துப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தபோது, மகளின் அலறல்களில் பாதிக்கு மேல் இரண்டு நாள் மலம் கழிக்காமல் இருந்த நாட்களில் வந்திருந்தன. மலச்சிக்கலுக்கு மருந்து கொடுத்ததும் அலறல் பெருமளவு குறைந்தது. பல்வலி, காதுவலி, வயிற்றுவலி எதையும் சொல்லத் தெரியாத பிள்ளை உடம்பால்தான் சொல்கிறது.

மாரியம்மன் நோம்பி வந்தால் கம்பம் நட்டதிலிருந்து பதினைந்து நாள் ஊரே பறையும் ஒலிபெருக்கியும் வெடியுமாக இருக்கும். இந்தப் பிள்ளைகளைக் கோயிலுக்கே கொண்டுபோகாமல் ஒளித்து வைப்பது எனக்கு உடன்பாடில்லை. கூட்டம் சேராத விடியற்காலையில் கொண்டுபோய்க் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்ற விடுங்கள். வெடி போடும் நேரத்தை ஊர்ப் பெரியவர்களிடம் முன்பே கேட்டு வைத்துக்கொண்டு, காதை மூடும் ஹெட்போன் போட்டுவிடுங்கள். கல்யாண மண்டபத்துக்குப் போனதும் கூட்டமில்லாத ஓர் அறையைப் பார்த்து வைத்துக்கொண்டு, பிள்ளை சோர்வதற்கு முன் எழுந்துவிடுங்கள். ஒலிபெருக்கியின் வாயை வீட்டுப் பக்கம் திருப்பாமல் வைக்கச் சொல்லி ஒருமுறை கேட்டுப் பாருங்கள். காரணம் தெரிந்தால் ஊரார் செய்வார்கள். பல ஊர்களில் செய்திருக்கிறார்கள்.

கிணறும் வாய்க்காலும்

இதை யாரும் வேகமாகப் படித்துக் கடந்துவிட வேண்டாம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலர் சொல்லாமல் வீட்டைவிட்டு நடந்துவிடுவார்கள். அவர்களில் பலருக்குத் தண்ணீரின் மேல் தீராத ஈர்ப்பு. இப்படிப் போகும் பிள்ளைகளின் உயிரிழப்புக்குத் தண்ணீரே பெரிய காரணமாக இருப்பதை உலகெங்கும் பதிவு செய்திருக்கிறார்கள். நம் பக்கத்திலோ தனித்தனித் தோட்டங்கள், கைப்பிடிச் சுவர் இல்லாத ஆழக் கிணறுகள், பக்கத்திலேயே கீழ்பவானி வாய்க்காலோ பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்காலோ. ஆகவே கிணற்றுக்குக் கம்பி வேலி போட்டுக் கதவுக்குப் பூட்டுப் போடுங்கள். வீட்டுக் கதவில் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாளும், திறந்தால் ஒலிக்கும் மணியும் மாட்டுங்கள். பிள்ளையின் பெயரும் உங்கள் கைப்பேசி எண்ணும் பொறித்த தகட்டை இடுப்புக் கயிற்றிலோ கைவளையிலோ கோத்துவிடுங்கள். அக்கம்பக்கத்துத் தோட்டத்தாரிடம், "இவன் தனியாக வந்தால் நிறுத்தி வைத்து எனக்குப் போன் செய்யுங்கள், கூப்பிட்டால் பதில் சொல்ல மாட்டான்" என்று படத்தைக் காட்டிச் சொல்லி வையுங்கள். காணவில்லை என்றால் முதலில் ஓட வேண்டிய இடம் தண்ணீர் இருக்கும் இடம். மற்ற இடங்களை அதன்பின் தேடலாம். இடுப்பில் கயிறும் காலிக் கேனும் கட்டி மாமனோ அப்பாவோ கிணற்றில் நீச்சல் பழக்குவது நம் ஊர் வழக்கம். இந்தப் பிள்ளைகளுக்கும் நீச்சல் கட்டாயம் வேண்டும். கூடுதல் பொறுமையோடு, முடிந்தால் ஆழம் குறைந்த தொட்டியில் தொடங்கிப் பழக்குங்கள்.

பள்ளியில்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கும் 21 வகைகளுள் ஆட்டிசமும் ஒன்று. 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்புள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை, பக்கத்துப் பள்ளியிலோ விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெற அந்தச் சட்டம் உரிமை தருகிறது. "எங்களிடம் வசதியில்லை" என்று திருப்பி அனுப்பப்பட்டால், அதை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டதும் பேச்சு மாறுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஆசிரியர்களுக்கு ஒன்றிரண்டு சொல்கிறேன். சன்னல், மின்விசிறி, கதவு ஆகியவற்றிலிருந்து தள்ளி, மாறாத ஓரிடத்தை அந்தப் பிள்ளைக்குக் கொடுங்கள். பொதுவாக "எல்லோரும் நோட்டை எடுங்க" என்றால் தன்னையும் சேர்த்துத்தான் என்று அவனுக்குத் தோன்றாமல் போகலாம். பெயர் சொல்லித் தனியாகச் சொல்லுங்கள். கண்ணைப் பார்த்துப் பேச வற்புறுத்தாதீர்கள். பலருக்குக் கண்ணைப் பார்த்தால் காது வேலை செய்யாது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகளுக்குத் தேர்வு ஆண்டின் தொடக்கத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு ஓடினால் கிடைக்காமல் போகலாம்.

பெரியவர்களிடம்

நம் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரை "வாங்க" என்று கேட்காமல் இருப்பதைவிடப் பெரிய குற்றம் ஏதும் இல்லை. "வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல" என்று பத்து வருடம் பேசாமல் இருக்கும் பங்காளிகள் உண்டு. இப்படி ஓர் ஊரில், எப்போது கேட்க வேண்டும், எத்தனை முறை கேட்க வேண்டும், கேட்டபின் என்ன பேச வேண்டும் என்று விளங்காமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும் ஒருவர் எத்தனை பேரால் 'திமிர் பிடித்தவர்' ஆகியிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். திருப்பூரில் கணக்கு வேலையில் இருந்து, எண்களில் ஒரு பிழையும் விடாமல், ஆனால் ஷிப்ட் நேரத்தைத் திடீரென்று மாற்றினால் வாந்தி எடுக்கும் அளவுக்குப் பதறிப்போகும் ஒருவரை எனக்குத் தெரியும். மகனைப் பரிசோதனைக்கு அழைத்து வந்தவர், கேள்விகளைக் கேட்டுக்கொண்டே வந்து, பாதியில் மௌனமாகிவிட்டார். எல்லாம் அவருடைய சிறுவயதாகவும் இருந்தது.

பேச்சை நேர்பொருளில் மட்டும் எடுத்துக்கொள்வது, கூட்டத்துக்குப் போய்வந்தபின் அளவுக்கு மீறிய களைப்பு, பிறரைப் பார்த்துப் பழகிய முகபாவனையை நாள் முழுவதும் அணிந்துகொண்டிருப்பது, ஒரு துறையில் அளவற்ற ஈடுபாடு, துணியிலும் உணவிலும் மாற்ற முடியாத தேர்வுகள் ஆகியவை பெரியவர்களிடம் காணப்படும். இவை குழந்தைப் பருவத்திலிருந்தே இருந்திருக்க வேண்டும். திடீரென்று முப்பது வயதில் தொடங்கியிருந்தால் காரணம் வேறு. மனநல மருத்துவரிடமோ மருத்துவ உளவியலாளரிடமோ போகும்போது, உங்கள் அம்மாவிடமோ அத்தையிடமோ கேட்டு உங்கள் சிறுவயதை எழுதிய நோட்டைக் கொண்டுபோங்கள். மனச்சோர்வும் பதற்றமும் இவர்களிடம் மிகுதி என்பதால், வாழ்வே சுமையாகத் தோன்றினால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழில் பேசலாம்.

வேலை தருபவர்கள் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியதை எழுத்தில் கொடுப்பது, மாற்றத்தை முந்தைய நாளே சொல்வது, ஓரமான இருக்கை தருவது, ஆண்டு விழா மேடையில் ஏறச் சொல்லாமல் இருப்பது ஆகியவையே போதும்.

"கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும்" என்று மறைத்துத் திருமணம் செய்வது இரண்டு பேருக்கும் செய்யும் அநீதி. ஆட்டிசம் உள்ளவர்கள் நல்ல இல்லறம் நடத்துகிறார்கள். அதற்கு மறுபக்கத்துக்கும் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

சான்றிதழும் 18 வயதும்

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வழி கேட்டு இணையத்தில் பதிய வேண்டும். மதிப்பீட்டுக்கு இசா எனப்படும் இந்திய அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். அதில் 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70க்குக் கீழே இருந்தால் ஆட்டிசம் இல்லை என்றும், 153க்கு மேல் இருந்தால் கடுமையானது என்றும் கொள்வார்கள். பிள்ளை புதிய இடத்தில் அன்று மட்டும் அமைதியாக இருந்துவிடலாம் என்பதால், வீட்டில் எடுத்த காணொளிகளையும் நோட்டையும் கொண்டுபோங்கள். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு உதவுகிறது. பேச்சுப் பயிற்சி போன்ற சிகிச்சைகளுக்கும் அதில் இடம் உண்டு.

பிள்ளைக்கு 18 வயது நிறைந்தால் சட்டத்தின் பார்வையில் பெற்றோர் இயல்பான பாதுகாவலர் இல்லை என்பது பலருக்கு வங்கியில் நிற்கும்போதுதான் தெரிகிறது. தானே முடிவெடுக்கக் கூடியவருக்குப் பாதுகாவலர் தேவையில்லை; தேவைப்படுபவருக்கு, ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவிடம் மனுச் செய்து சட்டப்படியான பாதுகாவலர் ஆக வேண்டும். "எங்களுக்குப் பிறகு" என்று பெற்றோர் இரவில் பேசிக்கொள்வதைப் பகலில், உடன்பிறந்தவரையும் உட்காரவைத்து, அவருக்கும் மறுத்துப் பேச இடம் கொடுத்துப் பேச வேண்டும். நிலத்தையும் பணத்தையும் பற்றி எழுதுவதோடு, அந்த நாற்பது பக்க நோட்டின் கடைசிப் பக்கங்களில், இவர் எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்துவார், வயிறு வலித்தால் எப்படிக் காட்டுவார், எந்தத் தட்டில் போட்டால் சாப்பிடுவார், தூக்கம் வராத இரவில் எந்தப் போர்வையைக் கொடுக்க வேண்டும் என்பதையும் எழுதி, அதை எடுத்துப் பார்க்கப்போகிறவரின் கையில் இப்போதே கொடுத்து ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள்.